வெளிக்கிடேல்லை

மணல்காட்டில் ஐந்தே முக்காலுக்கு
கடல் ஒரு சாம்பல் கோடு.
மண்ணுக்குள் பாதி போன தேவாலயச் சுவரில்
றிஃப்ளெக்டரைச் சாய்த்துவிட்டு
ரோல் பொட்டலத்தைப் பிரிக்கிறான் கஜீபன்.
"அக்கா எத்தினை மணிக்கு வாறா?"
ஐந்தரைக்கு.
"இப்ப அஞ்சே முக்கால்."
தெரியும்.

நெல்லியடிக் கடையில் சாறி எடுத்தது
இருபதாயிரம் கட்டுப்பணம் வைத்து.
கடும்பச்சை, செங்கல் நிறக் கரை.
விலைச்சீட்டைக் கழற்றக்கூடாது,
பத்து மணிக்குள் திருப்ப வேணும்,
மண் படவே கூடாது.
எங்கே கொண்டுபோகிறேன் என்று
கடைக்காரருக்கு நான் சொல்லவில்லை.

நிலுக்சிக்கு ஒரு செய்தி போட்டேன்.
ஒற்றைச் சரி.

இந்த வருசம் வராமல் விட்டவர்களில்
ஒருத்தியின் பெரியப்பா மாசியில் செத்தார்,
ஆவணியில் மறுபடி செத்தார்.
இரண்டாந்தரமும் அனுதாபம் எழுதினேன்.
ஒருத்திக்குப் பரு.
ஒருத்திக்கு ரொறன்ரோவில் இருந்து
அண்ணன் கோல் எடுத்தான்.
ஒருவன், ஆம், பொடியன்களும்தான்,
முடி வெட்டப் போன இடத்தில்
மொட்டை அடித்துக்கொண்டு வந்து
"வேற ஐடியா இருக்கோ அண்ணை?" என்றான்.
வந்தானே, அதுவே பெரிசு.
அட்வான்ஸ் கேட்டால்
"என்னில நம்பிக்கை இல்லையோ" என்கிறார்கள்.
கேட்காவிட்டால்
இரண்டு சரியும் நீலமாகிறது,
அதற்குப் பிறகு ஒன்றும் வருவதில்லை,
முகப்புப் படம் மட்டும் சிரிக்கிறது.
அந்தப் படம் நான் எடுத்தது.

ஆறு பத்து.
சூரியன் சொன்ன நேரத்துக்கு வந்தது.
பார்க்கவே எரிச்சலாக இருந்தது.
"கஜீபன், அதிலை நில்லடா, வெளிச்சம் பார்க்க."
அவன் சாறியைத் தோளில் போட்டான்.
விலைச்சீட்டு காதடியில் தோடு மாதிரித் தொங்கியது.
ஒரு கையில் கடித்த ரோல்.
பதினேழு படம்.
இருபது நிமிசத்தில்
எல்லாம் வெள்ளையாய்ப் போயிற்று.

எட்டே காலுக்கு வந்தது:
"அண்ணை, குறை நினையாதேங்கோ.
நீங்கள் வருவீங்களோ எண்டு தெரியாமல்
நான் வெளிக்கிடேல்லை.
பிரதாயினி என்ரை மச்சாள்."

பிரதாயினி.
பண்ணைப் பாலத்தடி, போன வைகாசி.
கடையில் லீவு போட்டு,
சொந்தக் காசில் முகம் செய்து,
துணைக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு
வந்து நின்றாளாம்.
எனக்கு அன்று விடியக் கோப்பாயில்
ஒரு கலியாணம் விழுந்தது,
பிடித்த கமராக்காரனுக்குக் காய்ச்சல்,
இரட்டிப்புக் காசு.
பத்து மணிக்கு "சொறி" என்று எழுதினேன்.
பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் போட்டேன்.
திரையை மேலே தள்ளித் தள்ளி
அந்த முகத்தைத்தான் இப்போது தேடுகிறேன்.
இருக்கிறது.

நிலுக்சிக்கு எழுதினேன்: நான் வந்து நிக்கிறன்.
அத்தாட்சிக்கு ஒரு படம் அனுப்பினேன்:
கஜீபன், சாறி, ரோல்.
"ஐயோ" என்று வந்தது.
பிறகு, "சாறி வடிவு."
கனநேரம் கழித்து,
"வாற ஞாயிறு, அஞ்சரை. கட்டாயம்.
மச்சாளும் வருவா.
அவ சும்மா பார்க்கத்தானாம்."

ஆளுக்கொரு தலைப்பில் பிடித்து
சாறியை உதறினோம்.
கரை மடிப்புக்குள் இருந்த மண் போகவில்லை.
காலடிகள் இரண்டு சோடி,
வந்த வழியே திரும்பின.

நெல்லியடிச் சந்தியில் போன் அடித்தது.
புது நம்பர்.
"தம்பி, ஞாயிறு எங்கட வீட்டிலை சாமத்தியவீடு.
பேசின ஆள் கடைசி நேரத்திலை கழண்டிட்டான்.
இந்தக் காலத்திலை ஆரை நம்பிறது, சொல்லுங்கோ.
விடிய அஞ்சு மணிக்கு நிக்க வேணும்.
ஒண்டரை லட்சம், ஆல்பத்தோடை."

பின் சீற்றில் சாறிப் பையை அணைத்தபடி
கஜீபன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறான்.
"ஆர் அண்ணை?"
பின்னால் பருத்தித்துறை பஸ் ஹோன் அடிக்கிறது.
"ஒரு நிமிசம் ஐயா," என்கிறேன்,
"பாத்துச் சொல்லுறன்."